வயிற்று நோவு என்று சொல்லிப் படித்தவை

போடியில் எங்கள் வீட்டுக்கு முன்பக்கம் ஏலக்காய்க் கடை, பின்பக்கம் நீளமான கொல்லை. மார்க்கையன்கோட்டையிலிருந்து நான் அந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது எட்டாவது வரை படித்திருந்தேன். கல்யாணப் பேச்சில் அதைப் பெருமையாகத்தான் சொன்னார்கள். வந்த பிறகு அந்தப் படிப்புக்கு அங்கே வேலை எதுவும் இருக்கவில்லை. மளிகை சுற்றிவந்த பத்திரிகைத் தாளை அடுப்படியில் நின்றபடி வாசிப்பதோடு சரி.

பக்கத்து வீட்டில் துணி வியாபாரம் செய்த கிறிஸ்தவக் குடும்பம் ஒன்று இருந்தது. அந்த வீட்டு மருமகளுக்கு என் வயதுதான். அவளுடைய மாமனார் சேர்த்த புத்தகங்கள் ஓர் அலமாரி நிறைய இருந்தன. கொல்லைச் சுவருக்கு மேலே கை நீட்டி அவள் ஒவ்வொன்றாகக் கொடுப்பாள். ஒன்றை முடிக்க எனக்கு மாதக்கணக்கில் ஆகும். ஐப்பசி மழை பிடித்திருந்த ஒரு நாள், வாடிய முகத்தோடு சுவரருகே வந்து நின்றாள்.

"மதினி, கடையை மதுரைக்கு மாத்துறாக. தை பிறந்ததும் எல்லாரும் போறோம். அலமாரியும் ரயில் ஏறுது."

அவளே யோசனை சொன்னாள். "எதெது படிக்கணும்னு சொல்லுங்க. போறதுக்குள்ள வரிசையா எடுத்துத் தாரேன்."

அவள் புத்தகங்களின் பெயரை வாசிக்க வாசிக்க, நான் எதையும் வேண்டாம் என்று சொல்லவில்லை. கிழித்த காலண்டர் தாளின் பின்புறம் போதாமல் இன்னொரு தாள் எடுக்க வேண்டியதாயிற்று. கதைகள், கடல் பயணம், நட்சத்திரங்களைப் பற்றி ஒன்று, பிள்ளை வளர்ப்பு பற்றி ஒன்று. எனக்கு அப்போது பிள்ளைகூடக் கிடையாது.

பேராசைப்பட்டாயிற்று, நேரத்துக்கு எங்கே போவது? விடியுமுன் சாணம் தெளிப்பதில் தொடங்கும் வேலை. கடையாட்களுக்கும் எங்கள் வீட்டுச் சமையல்தான். மத்தியானம் முற்றத்தில் உட்கார்ந்து ஏலக்காய் பொறுக்க வேண்டும். பச்சை தனி, வெளுத்தது தனி, உடைந்தது தனி. மாலையில் மாவாட்ட வேண்டும். அந்த வீட்டில் ஒரு பெண்ணை, எங்கே போனாய், ஏன் போனாய் என்று யாரும் கேட்காத இடம் ஒன்றுதான் இருந்தது. கொல்லைக் கோடியில் பெண்கள் ஒதுங்குகிற ஓலை மறைப்பு. அதற்கும் வைக்கோல் போருக்கும் நடுவே ஒரு பழைய துவைகல் கிடந்தது. கையில் செம்பும் மடியில் புத்தகமுமாகப் போய் அங்கே உட்கார்ந்துவிடுவேன்.

முதலில் பயந்து பயந்து போனேன். கார்த்திகை பிறந்த பிறகு பயம் விட்டுப்போயிற்று. நினைத்தபோதெல்லாம் செம்பை எடுத்தேன்.

ஒருநாள் என் மாமியார் அடுப்படி வாசலில் என்னை நிறுத்தினார். கடிந்து பேசத் தெரியாத மனுஷி அவர்.

"ஏத்தா, வயிறு சரியில்லையா?"

"ஆமா அத்தை" என்று சொல்லிவிட்டேன்.

அன்றிலிருந்து எனக்கு ஓமத் தண்ணீர், மாதுளை ஓட்டுக் கஷாயம், குழைந்த சோறும் மோரும். குழம்பு வாசனை மட்டும்தான் எனக்கு. அதுகூடப் பரவாயில்லை. "நீ போயிச் சாஞ்சுக்க, நான் ஆட்டிக்கிறேன்" என்று ஆட்டுக்கல்லின் முன் அவர் உட்கார்ந்தார். அவருக்கு வலது தோள்பட்டையில் நெடுநாள் வலி. இடது கையால் குழவியைச் சுற்றினார். அந்தச் சத்தம் கொல்லை வரை கேட்கும். கேட்டுக்கொண்டேதான் நான் பக்கம் புரட்டினேன்.

மார்கழியில் உத்தமபாளையத்திலிருந்து வைத்தியரை வண்டி வைத்துக் கூட்டி வந்தார்கள். முன்கட்டில் பாய் விரித்து என்னை உட்கார வைத்தார்கள். கடையில் தராசு பிடிக்கிற ஆட்கள் எட்டிப் பார்க்கிறார்கள். என் வீட்டுக்காரர் நிலைப்படியில் நிற்கிறார். வைத்தியர் நாடி பார்த்தபடி, "தண்ணியாப் போகுதா?" என்று கேட்டார்.

மாமியார்தான் பதில் சொன்னார். "அத ஏங்கேக்குறீக! போனா வாரதே இல்ல. அங்கனயே கெடக்கா."

யாரோ சிரித்தது காதில் விழுந்தது. வைத்தியர் ஒரு சூரணம் கொடுத்துவிட்டுப் போனார். வெட்கத்தில் இரண்டு நாள் கொல்லைப் பக்கம் போகாமல் இருந்தேன். "மருந்து கேக்குது" என்று மாமியார் எல்லோரிடமும் சொல்லிச் சந்தோஷப்பட்டார். மூன்றாம் நாள் செம்பை எடுத்துவிட்டேன்.

அன்று படித்தது ஒரு சோகக் கதை. பிரசவத்தில் பெண் சாகிற இடம். என்னை அறியாமல் விம்மி அழுதிருக்கிறேன். வெகுநேரம் காணோமே என்று தேடி வந்த மாமியார் காதில் அது விழுந்துவிட்டது. "ஐயோ, ஓடியாங்களே! எம் மருமகளுக்கு என்னமோ ஆயிருச்சே!" என்று அவர் போட்ட கூச்சலில் என் வீட்டுக்காரரும் தராசுக்காரர்களும் கொல்லைக்குள் ஓடி வந்துவிட்டார்கள்.

வைக்கோல் போருக்கு இந்தப் பக்கம் முதலில் வந்தவர் மாமியார். கல்லின் மேல் நான். மடியில் விரித்த புத்தகம். பக்கத்தில் தண்ணீர் குறையாத செம்பு. என் முகத்தைப் பார்த்தார், புத்தகத்தைப் பார்த்தார். சட்டென்று குனிந்து அதை எடுத்துத் தன் முந்தானைக்குள் செருகிக்கொண்டு திரும்பினார்.

"ஒண்ணுமில்ல, போங்க. வலி தாங்காம அழுவுறா. பொம்பள இருக்கிற எடத்துல என்ன பார்வ?"

அவர்கள் போனார்கள். பூமி பிளந்து உள்ளே போய்விட மாட்டோமா என்றிருந்தது எனக்கு. மாமியார் அடுப்படிக்கு வந்து புத்தகத்தை உறிக்குப் பக்கத்து மாடத்தில் வைத்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். அடுப்பில் விறகைத் தள்ளிவிட்டுக் கேட்டார்.

"கேட்டிருந்தா வேண்டாம்னா சொல்லிருப்பேன்? வீரபாண்டி ஆத்தாளுக்கு அக்கினிச்சட்டி எடுக்கிறதா வேண்டியிருக்கேன், ஒனக்கு வயிறு நல்லாகணும்னு."

"அத்தை, நோவே இல்லையே. எடுக்க வேண்டாம் அத்தை."

"நோவு பொய்யா இருக்கலாம். நான் வேண்டுனது பொய்யில்லல்ல."

தை பிறந்து பக்கத்து வீட்டார் ரயிலேறினார்கள். பட்டியலில் பாதிக்கு மேல் படிக்காமலே போயிற்று. கடைசியாக அவள் நீட்டிய இரண்டு புத்தகங்களை நான் வாங்கவில்லை.

சித்திரையில் வீரபாண்டிக்குப் போனோம். ஆற்றில் குளித்த ஈரச் சேலையோடு, வேப்பிலைக் கொத்தின் மேல் கனலும் சட்டியை வைத்து, வலிக்கிற தோளை இறக்காமல் அவர் நடந்தார். நான் பின்னால் எண்ணெய்க் கிண்ணத்தோடு நடந்தேன். எதிரே வந்த சொந்தக்காரப் பெண்கள் என் கன்னத்தைத் தடவி, "இப்பத் தேவலையா ஆத்தா?" என்று கேட்டார்கள். "தேவலை" என்றேன், ஒவ்வொருத்தியிடமும்.

அதன்பிறகு மத்தியானத்தில் ஏலக்காய்த் தட்டை என் முன்னாலிருந்து இழுத்துக்கொண்டு, "போ, செத்த நேரம் படி, வீட்டுக்குள்ள உக்காந்தே படி" என்பார். திருப்பிக் கொடுக்காமல் மாடத்திலேயே தங்கிவிட்ட அந்தப் புத்தகத்தோடு உட்காருவேன். அவர் காலடி கேட்டதும் என் கை தானாகப் புத்தகத்தை மூடிவிடும். அவர் அதைப் பார்த்து, வேறு வழியாகச் சுற்றிக்கொண்டு போவார்.