குளிப்பாட்டிய டிராக்டர்

இன்று ஸ்கூட்டருக்கு பிரேக் கேபிள் வாங்கப் போன ஸ்பேர்ஸ் கடையில், தென்னேரியிலிருந்து வந்த ஒரு அம்மா தண்ணீர் பாட்டில் ஒன்றை மேசையில் வைத்தார். உள்ளே பால் டீ மாதிரி ஏதோ.

"எங்க மினி டிராக்டர் ஆயிலுண்ணா. பின்னால சேறடிக்கிற ரொட்டவேட்டரைத் தூக்கவே மாட்டேங்குது. நாத்து முத்திக்கினு இருக்குது."

கடைக்காரர் பாட்டிலைக் குலுக்கினார். "தண்ணி பூந்திருக்குதும்மா. ஆயுத பூஜைக்குக் கழுவினீங்களா?"

"மோட்டார் பைப்ப வச்சு நல்லா அடிச்சேன். பழைய வண்டி, வருசத்துல ஒரு நாளாவது பளபளன்னு இருக்கட்டுமேன்னு..." குரல் இறங்கிவிட்டது.

"கியர் ராடு ரப்பர் கிழிஞ்சிருக்கும், அது வழியா எறங்கியிருக்கும். இந்த வண்டியில கியருக்கும் லிஃப்ட்டுக்கும் ஒரே ஆயில். அடியில ஆயில் வடிக்கிற நட்டு எல்லாத்தையும் கழட்டி மொத்தமா வடிச்சுடுங்க. ஃபில்டரை மாத்திட்டுப் புது ஆயில் ஊத்துங்க, தூக்கும்."

புது ரப்பரையும் எடுத்து வைத்தார். "அடுத்த வருசம் துணியால தொடச்சு பொட்டு வைங்கம்மா, போதும். சாமி ஒண்ணும் கோச்சுக்காது."

அந்த அம்மா அப்போதுதான் சிரித்தார்.

நான் சிரிக்கவில்லை. அதே பூஜையில் என் லேப்டாப்புக்கு வைத்த குங்குமம் இன்னும் சார்ஜர் ஓட்டைக்குள் இருக்கிறது.

உங்கள் வீட்டில் பூஜை முடிந்த கையோடு படுத்தது எது?