கந்தோர் முழுக்க மெர்லின்

ஒரு கந்தோரில் இருக்கிற ஆட்களின் தலைக்குள் இருப்பதை ஒரு கொம்பியூட்டருக்குள் கொண்டுவந்து சேர்ப்பதுதான் எங்கள் தொழில். பல்லுப் பிடுங்குகிற டாக்டருக்காவது ஊசி போட்டு விறைக்க வைக்க அனுமதி இருக்கிறது.

சிஸ்டம் ஒஃபிசர், ஐ.டி. மிஸ், 'அந்தக் கொம்பியூட்டர் பிள்ளை' என்று எந்தப் பெயரில் நீங்கள் இந்த வேலையில் மாட்டிக்கொண்டிருந்தாலும், இதை உங்களுக்குத்தான் எழுதுகிறேன். மற்றவர்களுக்குச் சொன்னால் விளங்காது. நான் இருப்பது வெள்ளவத்தை. வேலை கொட்டாஞ்சேனையில், துறைமுகத்துக்குக் கிட்ட, கப்பலில் வருகிற சாமான்களைச் சுங்கத்திலிருந்து எடுத்து உரியவர்களிடம் ஒப்படைக்கிற ஒரு கொம்பனியில். பின்னேரம் காலி வீதி நெரிசலில் பஸ் எவ்வளவு நேரம் ஊர்ந்தாலும் வீடு போய்ச் சேரும்வரை என் கோபம் ஆறுவதில்லை. காரணம் எங்களோடு வேலை செய்கிற மெர்லின் அக்காவுக்கு நடந்தது. இந்தக் கூத்துகளுக்கு நடுவில் அவவின் வேலை போகப் பார்த்தது. அதைச் சொல்லத்தான் வந்தனான்.

அறிவு தன்சல்

எங்கள் ஜீ.எம். ரவீந்திரன் சேர் வெளிநாட்டில் ஒரு கருத்தரங்குக்குப் போய், திரும்பி வரும்போது கையோடு ஒரு யோசனையையும் கொண்டுவந்தார். வெசாக்குக்கு றோட்டோரத்தில் தன்சல் போட்டு வாறவன் போறவனுக்கெல்லாம் சும்மா சோறு கொடுப்பதுபோல, கந்தோரிலும் தெரிந்தவர் தெரியாதவருக்கு அறிவை அள்ளிக் கொடுக்க வேணுமாம். என்னைக் கொண்டு சிஸ்டத்தில் அதற்கொரு பக்கம் செய்வித்து, 'அறிவு தன்சல்' என்று பெயரும் வைத்தார். முதல் மாதம் அதில் விழுந்தது சில பிறந்தநாள் வாழ்த்துகள், ரோசாப்பூப் போட்ட ஒரு குட் மோர்னிங், நுகேகொடையில் எந்தக் கடையில் சேலை மலிவு என்ற தகவல். சுங்கத்தில் ஒரு ஃபைல் சிக்கினால் என்ன செய்வது என்று ஒருத்தராவது ஒரு வரி போடவில்லை.

அதெல்லாம் தெரிந்தவர் செல்வத்துரை அண்ணன். எங்கள் மூத்த வாஃப் கிளார்க். நாள் முழுக்க ஃபைலோடு சுங்கத்துக்கும் துறைமுகத்துக்கும் அலைகிறவர். நான் போய்க் கெஞ்சினேன், பிளேன்டீ வாங்கிக் கொடுத்தேன். டீயைக் குடித்துவிட்டு ஒரு கதை சொன்னார். முந்தி இங்கே ஒருத்தர் தனக்குத் தெரிந்ததையெல்லாம் புது ஆளுக்குப் பழக்கிக் கொடுத்தாராம். பழக்கி முடிந்த கையோடு, 'நீங்கள் இனி வீட்டில் ஓய்வெடுங்கோ' என்று அவரை அனுப்பிவிட்டார்களாம். எனக்கு அண்ணனில் கோபம் வரவில்லை. கோபப்பட வேண்டிய ஆட்கள் மேல்மாடியில் இருந்தார்கள். அண்ணன் வெறும் கப்பை என்னிடம் நீட்டினார். "தங்கச்சி, தன்சல் போடுறவனும் தன்ர வீட்டுச் சட்டியைக் கவிழ்த்துக் குடுக்கிறேல்ல."

ஒரு வீட்டுக்கு எத்தனை சாவி

சிஸ்டத்தில் ஒரு ஆளுக்கு ஒரு பெயரும் பாஸ்வேர்டும் எடுக்க வேணுமென்றால் வருசா வருசம் அதற்குச் சல்லி கட்ட வேணும். எங்கள் டொகுமென்ட் பகுதி முழுவதுக்கும் ஜீ.எம். எடுத்துத் தந்தது ஒன்றே ஒன்று. அது மெர்லின் அக்காவின் பெயரில். மெர்லின் அக்கா கொச்சிக்கடைக்காரி. சிரித்தால் அடுத்த பகுதியில் கேட்கும், கோபம் வந்தால் வாசலில் நிற்கிற செக்யூரிட்டிக்கும் கேட்கும். புருசன் இல்லை. மகள் ஏ.எல். படிக்கிறா, மகன் ஓ.எல். அந்த வீட்டுக்குள் சம்பளம் என்று வருவது இவவுடையது மட்டும்தான்.

பாஸ்வேர்டை மஞ்சள் துண்டில் எழுதித் தன் ஸ்கிரீன் விளிம்பில் அக்கா ஒட்டியிருந்தா. ஒட்டச் சொன்னது ஜீ.எம். காலையில் வந்ததும் எல்லாரும் மெர்லினாக மாறித்தான் வேலையைத் தொடங்குவார்கள். மீசை வைத்த மெர்லின், வயிற்றுப்பிள்ளைக்கார மெர்லின், நேற்று வேலைக்குச் சேர்ந்த மெர்லின். எனக்கு விசர் வந்தது. இது சரியில்லை, நாளைக்கு ஒரு பிழை நடந்தால் ஆர் செய்தது என்று பிடிக்க ஏலாது என்று ஈமெயில் போட்டேன். பதில் இல்லை. நேரே போய் நின்றேன். ரவீந்திரன் சேர் கதிரையில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். "நாங்கள் எல்லாரும் ஒரு குடும்பம்தானே, மிஸ். ஒரு வீட்டுக்கு எத்தனை சாவி வேணும்?"

நடுவில் ஒரு பெரிய வட்டம்

பிறகு ஆராய்ச்சி வந்தது. நிறுவனங்களில் ஆட்கள் தங்களுக்குத் தெரிந்ததை எப்படிப் பகிர்ந்துகொள்கிறார்கள் என்று பார்க்கப் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு மாணவி. நல்ல பிள்ளை, பாவம். கேள்வித்தாள் கொடுத்தா. 'எனக்குத் தெரிந்ததைச் சக ஊழியருடன் தாராளமாகப் பகிர்கிறேன்' என்று ஒரு கேள்வி. ஜீ.எம். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மேசை மேசையாக நடந்தார், பரீட்சை மண்டபத்தில் நடக்கிற மாதிரி. எல்லாரும் 'மிகவும் உடன்படுகிறேன்' என்று கோடு போட்டார்கள். செல்வத்துரை அண்ணனும் போட்டார்.

அந்தப் பிள்ளை அதோடு விடாமல் சிஸ்டத்தில் ஆர் ஆருக்கு என்ன அனுப்பியது என்ற பதிவுகளையும் எடுத்து ஒரு படம் கீறினா. நடுவில் தேங்காய் அளவில் ஒரு வட்டம், சுற்றிவர மிளகுகள். வட்டம் மெர்லின். ஒரே நேரத்தில் பல கொம்பியூட்டரில் வேலை செய்கிற ஒருவர், உலகத்தில் இல்லாத ஆள். ஜீ.எம்முக்குப் பெருமை தாங்கவில்லை. படத்தை ஃபிரேம் போட்டு வரவேற்பறையில் மாட்டினார், 'அறிவைப் பகிரும் நட்சத்திரம்' என்று அக்காவுக்கு ஒரு சான்றிதழும் கொடுத்தார். அக்கா விழுந்து விழுந்து சிரித்தா. எனக்குச் சிரிப்பு வரவில்லை. மாணவியைத் தனியே கூப்பிட்டு, அது ஒரு ஆள் இல்லை, ஒரு பகுதி முழுக்க ஒரே பெயரில் நிற்குது என்று உள்ளதைச் சொன்னேன். பிள்ளையின் முகம் வெளுத்துவிட்டது. "ஐயோ மிஸ், இவவை எடுத்துவிட்டா என்ர படத்தில மிஞ்ச ஒண்டுமில்லையே!"

உருகின வெண்ணெய்

குளிரூட்டிய கொன்டெய்னர் ஒன்றில் ஒரு வாடிக்கையாளருக்கு வெண்ணெயும் சீஸும் வந்தது. அப்படி வருவதைச் சிஸ்டத்தில் 'குளிர்' என்று குறிக்க வேணும். குறித்தால்தான் கொன்டெய்னர் அடுக்குகிற யார்டில் கரண்ட் கொடுப்பார்கள். ஆரோ குறிக்க மறந்துவிட்டார்கள். கொழும்பு வெயிலில் பூட்டின பெட்டி. திறந்தபோது அடித்த நாற்றத்தில் செல்வத்துரை அண்ணன் மத்தியானச் சோறு வேண்டாமென்று சொல்லிவிட்டார். வாடிக்கையாளர் நட்டஈடு கேட்டு வழக்குப் போடுவேன் என்று நின்றார்.

சிஸ்டத்தைப் பார்த்தார்கள். பதிவு போட்டது: மெர்லின். பதிவு போட்ட அன்றைக்கு அந்தோனியார் கோயில் திருநாள். அக்கா லீவு. கந்தோரில் பாதிப் பேர் அவவைக் கோயிலில் கண்டு கதைத்தும் இருக்கிறார்கள். அதைச் சொன்னேன். 'வீட்டிலிருந்து போனிலேயே போடலாம்தானே' என்றார் ஜீ.எம். அடுத்த நாள் அக்காவின் கையில் கடிதம்: கவலையீனம், உள்ளக விசாரணை, வேலை நீக்கம் செய்யப்படலாம். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று கேள்விப்பட்டிருக்கிறேன், இவ்வளவு கிட்ட நின்று பார்த்ததில்லை. அக்கா அன்றைக்குச் சிரிக்கவில்லை. ஏ.எல். சோதினை முடியும்வரை மகளுக்குச் சொல்லாதே என்று என் கையைப் பிடித்துக்கொண்டா. நான் ஜீ.எம்மிடம் ஓடினேன். ஒரு பாஸ்வேர்ட் போதும் என்று சொன்னதே நீங்கள்தானே, சேர் என்று கேட்டே விட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மிஸ், மனுசர் பொய் சொல்லும். சிஸ்டம் பொய் சொல்லாது."

குடும்பம் ஊமையானது

எங்கள் பகுதிக்கு ஒரு வட்ஸ்அப் குரூப் இருக்கிறது. ஆருக்காவது தடிமன் என்றாலும் அதில் பத்துப் பேர் மருந்து சொல்வார்கள். 'குளிர் குறிக்காமல் விட்டது ஆர்? தண்டிக்க இல்லை, மெர்லின் அக்காவின் வேலையைக் காப்பாற்ற' என்று நான் எழுதினேன். எல்லாரும் வாசித்த அடையாளம் வந்தது. பதில் ஒன்றும் வரவில்லை. அரை மணித்தியாலம் கழித்து ஒருத்தர் கைகூப்பிய படம் ஒன்றைப் போட்டார். போனைச் சுவரில் அடிக்க வேணும் போல இருந்தது.

பின்னேரம் அதே பகுதியில் வேலை செய்கிற ருவன் படிக்கட்டில் என்னை மறித்தான். முப்பது வயதுப் பெடியன், கடனில் ஒரு த்ரீவீல், வீட்டில் கைக்குழந்தை. செய்தது தானில்லை என்று அம்மாவின் மேல் சத்தியம் பண்ணினான். செய்தவன் தன் சிநேகிதனாம், அவனுக்கும் பிள்ளைகுட்டி. அவனை எப்படிக் காட்டிக்கொடுக்கிறது? நான் வாயில் வந்ததெல்லாம் பேசினேன், சிங்களத்திலும் தமிழிலும். அவன் தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டே நின்றான். "அக்கே, மம தன்னவா. எனக்குத் தெரியும். ஆனா ஷேர் பண்ண ஏலாது."

விசாரணை

ஜீ.எம்., எச்.ஆர். பத்மினி மிஸ், கொம்பனி லோயர். எதிரே கையை மடியில் வைத்துக்கொண்டு மெர்லின் அக்கா. ஒலிப்பதிவு செய்யக்கூடாது என்று லோயர் சொல்லி அவவின் போன் வெளியே வரவேற்பு மேசையில். பதிவைச் சுவரில் போட்டுக் காட்டத்தான் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். வெண்ணெய்ப் பதிவைப் போட்டேன். பெயர், நேரம், எல்லாம் அக்காவுக்கு எதிராக நின்றது. லோயர் தலையாட்டி எழுதத் தொடங்கினார். சேர், இன்னும் ஒரு பக்கம் இருக்குது, பார்த்துவிட்டு எழுதுங்கோ என்றேன். இந்த நிமிசம் சிஸ்டத்துக்குள் ஆர் ஆர் இருக்கிறார்கள் என்று காட்டுகிற பக்கம் அது.

சுவரில் வந்தது: மெர்லின், டொகுமென்ட் பகுதி. மெர்லின், டொகுமென்ட் பகுதி. மெர்லின், யார்ட். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு மெர்லின் ஒரு கொன்டெய்னரை விடுவித்தா, இன்னொரு மெர்லின் ஒரு பில் அடித்தா. பத்மினி மிஸ் அக்காவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தா. கை மடியில்தான் இருந்தது. லோயர் பேனையை மூடினார். அப்போதுதான் கடைசி வரி எல்லார் கண்ணிலும் பட்டது: மெர்லின், ஜீ.எம். அறை. ரவீந்திரன் சேரின் காது சிவந்துவிட்டது. செக்ரட்டரிப் பிள்ளை... ஒரு அவசரத்துக்கு... என்று இழுத்தார். மெர்லின் அக்கா எழும்பி நின்றா. குரல் வாசல் செக்யூரிட்டிக்கும் கேட்டிருக்கும். "இத்தனை மெர்லின் வேலை செய்யிறம், சம்பளம் மட்டும் ஒண்டுதானே வருது, சேர்?"

எச்சரிக்கைக் கடிதம்

வேலை தப்பியது. அந்தோனியாருக்கு அக்கா ஒரு கட்டு மெழுகுதிரி கொண்டுபோனா. ஆனால் மன்னிப்பென்று ஒரு சொல் வந்ததா? வரவில்லை. வந்தது இன்னொரு கடிதம்: பாஸ்வேர்டைப் பிறருடன் பகிர்ந்துகொண்டமைக்காகக் கடுமையாக எச்சரிக்கப்படுகிறீர். துண்டை ஒட்டச் சொன்னவர் மேல்மாடியில் குளிரில் இருக்கிறார், ஒட்டினவ எச்சரிக்கப்படுகிறா. வெண்ணெய்க்குக் குளிர் குறிக்காமல் விட்டது ஆரென்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. தெரிந்தாலும் அந்த மனுசனில் எனக்குக் கோபமில்லை.

அக்கா கடிதத்தை மடித்துக் கைப்பைக்குள் வைத்தா. மஞ்சள் துண்டைப் பிய்த்துக் கிழித்தா. கைப்பையால் கீபோர்டை மறைத்துக்கொண்டு பாஸ்வேர்டை மாற்றினா. ஒருவருக்கும் சொல்லவில்லை. கொஞ்ச நேரத்தில் பகுதி முழுக்கக் கையைக் கட்டிக்கொண்டு இருந்தது, கீழே லொறிக்காரர்கள் ஹோர்ன் அடித்தார்கள், வாடிக்கையாளர்களின் போன் ஓயவில்லை. 'எச்சரிச்சிருக்கினம், வானதி. இனிப் பகிர்ந்தா வேலை போயிடும்' என்றா அக்கா என்னிடம், முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல். மத்தியானத்துக்கு முன்னே எல்லாருக்கும் தனித்தனிப் பெயர் எடுக்கச் சொல்லி அனுமதி வந்தது. நான் எத்தனையோ ஈமெயிலில் கேட்டது அது. அனுமதியோடு ஜீ.எம்மின் போனும் வந்தது. "மிஸ், மெர்லினுக்குக் கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்கோ. தெரிஞ்சதைத் தனக்குள்ளேயே வைச்சிருக்கிறது நல்ல பழக்கமில்லை."

ஒரு பெயரில் எத்தனை பேரும் வேலை செய்யலாம், ஆனால் வேலை போகிற அன்றைக்கு அந்தப் பெயருக்கு உரிய ஆள் மட்டும்தான் வீட்டுக்குப் போக வேணும் என்பதுதான் இந்தத் தொழிலில் நான் சேர்த்த மொத்த அறிவு.