இரும்புப் பாலத்துக்குள் ஓடிய தண்ணீர்

பாலத்தைத் தூக்கிய அந்த ஞாயிற்றுக்கிழமை ஆற்றோரத்தில் அம்மா இருந்தார், அத்தை இருந்தார், தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் குடையோடு இருந்தார், எங்கள் லயத்து வரிசை வீடுகளில் நடக்க முடிந்த எல்லோரும் இருந்தார்கள். அப்பா மட்டும் வரவில்லை. காய்ச்சல் என்று போர்த்திக்கொண்டு படுத்திருந்தார். அது என்ன காய்ச்சல் என்று லயத்துக்கே தெரியும்.

தேயிலை மலையில், கலஹா ஊருக்குக் கீழே, எங்கள் லயங்களுக்கும் பஸ் ரோட்டுக்கும் இடையில் ஓர் ஆறு. அதன்மேல் வெள்ளைக்காரத் துரைமார் போட்ட இரும்புப் பாலம். அக்கரை மலையில் ஓர் ஊற்று. குடிக்கவும் சமைக்கவும் எங்களுக்கு அந்தத் தண்ணீர்தான். அதை இக்கரைக்குக் கொண்டுவந்தவர் அப்பா. நான் கைக்குழந்தையாக இருந்தபோது நாலைந்து பேரைச் சேர்த்துக்கொண்டு, யாரிடமும் கேட்காமல், பாலம் வழியாகப் பைப் போட்டிருக்கிறார். அடியில் கட்டித் தொங்கவிட்டிருந்தால் பின்னால் அவிழ்த்திருக்கலாம். வெள்ளம் இழுத்துவிடும், குரங்கு ஆட்டும், கள்ளன் அறுத்துக்கொண்டு போவான் என்று பயந்து, இரும்புச் சட்டங்களின் ஓட்டைகளுக்குள் துண்டு துண்டாக நுழைத்து, உள்ளேயே ஒட்டி, சுற்றிலும் சீமெந்து வைத்துப் பூசிவிட்டார்கள். அதன்பிறகு ஒரு சொட்டு ஒழுகியதில்லை.

பக்கத்தில் புதுப் பாலம் எழும்பியபோதும் நாங்கள் கவலைப்படவில்லை. "பழசக் கழட்டணும்னா இன்னொரு வெள்ளக்காரன்தான் பொறந்து வரணும்" என்று அப்பா அடித்துச் சொல்லியிருந்தார்.

வந்தது கிரேன். விடியற்காலையில் வளைவுகளில் அது ஏறும்போதே எங்கள் வீட்டுத் தட்டுகள் கிலுகிலுத்தன. எத்தனை சக்கரம் என்று எண்ணப் பார்த்து விட்டுவிட்டேன். பின்னால் மண் தோண்டும் பெக்கோ ஒன்று, காஸ் சிலிண்டர்களோடு ஒரு லொறி. கிரேன் கால்களை அகட்டி ஊன்றிக்கொண்டு கையை நீட்டியது. நீண்டது, நீண்டது, சவுக்கு மரங்களைத் தாண்டியும் நீண்டது. வீட்டில் முதன்முதலாக உயர்தரம் வரை படித்தவன் நான். நெம்புகோல் பற்றியெல்லாம் பரீட்சையில் எழுதியிருக்கிறேன். அண்ணாந்து பார்த்தபோது அதில் ஒரு வரியும் ஞாபகத்துக்கு வரவில்லை.

அம்மா கையெடுத்துக் கும்பிட்டார்.

"என்னா மதினி, சாமியா அது?" என்றார் அத்தை.

"இம்புட்டு ஒசரத்துல நின்னா சாமிதான்."

நெருப்பால் இரும்பை அறுக்க ஆரம்பித்தார்கள். பழுத்த ஆணித் துண்டுகள் ஆற்றில் விழுந்து சீறின. திடீரென்று அறுத்தவரின் முகத்தில் தண்ணீர் பீய்ச்சி அடித்தது. நெருப்பு அணைந்தது. வேலை நின்றது. ஓவர்சியர், சிங்களவர், குனிந்து பார்த்துவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார்.

"யாரு பைப் இது?"

வெயிலும் இல்லை, மழையும் இல்லை, தலைவர் குடையை விரித்துக்கொண்டார். அம்மா என் முதுகில் கைவைத்துத் தள்ளினார். பள்ளிக்கூடத்தில் படித்த சிங்களத்தில் நான் விளக்கத் தொடங்கினேன். ஓவர்சியர் கொஞ்ச நேரம் பொறுமையாகக் கேட்டார்.

"தம்பி, தமிழ்லயே சொல்லு. வெளங்கும்."

சொன்னேன். லயம் முழுவதற்கும் இதுதான் தண்ணீர், வேறு வழியில்லை, கழற்றி எடுக்க இரண்டு நாள் தாருங்கள் என்று.

"கிரேன் நாளைக்கு இல்ல. கம்பளையில வேல." சீமெந்துப் பூச்சைத் தட்டிப் பார்த்துச் சிரித்தார். "கழட்டவா? இது பாலத்துல போட்ட பைப் இல்ல. பைப்புக்கு மேல பாலத்தக் கட்டியிருக்கு!"

"புதுப் பாலத்துல கட்டிக்கலாங்களா?"

"அத மட்டும் கேக்க வேணாம். என் வேல போயிரும்."

ஊற்றை அடைக்க இருவர் மலைக்கு ஓடினார்கள். அதற்குள் பெண்கள் குடமும் வாளியும் கொண்டுவந்து பாலத்தில் பீய்ச்சியதையே பிடித்தார்கள். அந்த வாளிகள் தீர்ந்தால் அடுத்த வாளி எங்கிருந்து என்று யாருக்கும் தெரியாது.

விசில் ஊதினார்கள். வடங்கள் விறைத்தன. பாலம் வயிற்றுக்குள்ளிருந்து முனகியது. துருவும் குருவிக்கூடுகளும் உதிர்ந்தன. கல்லுக்கும் இரும்புக்கும் நடுவே ஒரு கோடு வெளிச்சம் தெரிந்தது. அது அகன்றுகொண்டே போனது. பிறகு பாலம் ஆகாயத்தில் இருந்தது. லொறிகளையும் பிணங்களையும் கல்யாணக் கூட்டங்களையும் சுமந்த அது ஒரு தொட்டில்போல மெல்லத் திரும்பியது. அதன் அடிப்பாகத்தை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன். ஒரு முனை சற்றுத் தாழ்ந்ததும் பைப்பில் மிச்சமிருந்த தண்ணீர் நீளமாக, வெள்ளையாக, ஆற்றுக்குள் இறங்கியது.

"தூக்கிட்டானுகளேடா!"

பக்கத்தில் போர்வையோடு அப்பா.

"காய்ச்சல் போயிருச்சா அண்ணே?" என்றார் அத்தை.

அப்பா காதில் வாங்கவில்லை. வாய் திறந்தபடி அண்ணாந்து நின்றார். "பாத்தியா, அவங்க அறுத்த எடத்தத் தவிர ஒரு மூட்டும் விடல. அந்தரத்துலயும் விடல பாரு."

பாலத்தை அக்கரையில் கிடத்திய பிறகு ஓவர்சியர் வந்தார். போர்வையோடு பைப்பையே பார்த்துக்கொண்டு நின்ற அப்பாவைக் கண்டதும் அதைப் போட்ட ஆள் இவர்தான் என்று புரிந்துகொண்டார். "நாங்க இரும்பு மட்டுந்தான் எடுக்கிறது. ரெண்டு பக்கமும் கல்லுக் கட்டு இருக்கும். அதுல வளையம் அடிச்சி, கம்பி வடம் இழுத்து, பைப்ப தொங்க விடுங்க."

"அதுக்கு யாருகிட்டங்க கேக்கணும்?"

"முந்தி யாருகிட்ட கேட்டீங்க?"

தலைவர்தான் முதலில் சிரித்தார்.

வடம் இழுத்து முடியும்வரை புதுப் பாலத்தின்மேல் குடம் சுமந்தோம். ஒரு நாள் சம்பளம் நூறு ரூபாவைத் தொட்டும் தொடாமலும் இருந்த காலம் அது. கம்பளையில் வாங்கிய பைப், கம்பி வடம், வளையங்கள், ஒட்டுப்பசை, லொறிக் கூலி எல்லாம் சேர்த்து லயத்துக்கு ஆன செலவு பதினோராயிரத்து அறுநூற்று நாற்பது ரூபா.