பரிசோதகரும் பூசணியின் முழங்காலும்

பேருந்தில் பயணச்சீட்டு பரிசோதிக்க வருகிறவரைப் பார்த்து யாராவது மகிழ்ந்ததாகச் சரித்திரம் உண்டா? இந்தப் பரிசோதகர் ஏறினால் சீட்டு வாங்கியவர்களே அதை இன்னொரு தடவை எடுத்துப் பார்த்துக்கொள்வார்கள். கைக்குழந்தைகள் அழுகையைப் பாதியில் விழுங்கும். ஒருமுறை அவர் படியில் கால் வைத்ததும், ஜன்னலோரம் செத்துக் கிடந்த ஒரு கிழவர் எழுந்து உட்கார்ந்து சட்டைப்பையைத் துழாவினார் என்று ஓட்டுநர்கள் சொல்வார்கள். கிழவர் சாகவில்லை, தூங்கித்தான் போயிருந்தார் என்று சொல்கிறவர்களும் உண்டு. அவர்களுக்குக் கதை சொல்லத் தெரியாது.

பேருந்தையே நடுங்கவைக்கும் அந்த முகம் பிறவியில் வந்ததல்ல, பாடுபட்டுச் சம்பாதித்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், சீட்டில்லாதவர்கள் சொல்லும் கதைக்கெல்லாம் கண் கலங்கி நின்று, மேலதிகாரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர் அவர். பிறகு ஒரு வழி கண்டுபிடித்தார். எதிரில் இருப்பவரின் கண்ணைப் பார்ப்பதில்லை. நெற்றிக்கு ஒரு சாண் மேலே வெறும் காற்றைப் பார்ப்பது. கெஞ்சினாலும் திட்டினாலும் கையை மட்டும் நீட்டுவது. விளக்கெண்ணெய் குடித்த முகம் என்பதால் பணிமனையில் அவருக்கு விளக்கெண்ணெய் என்றே பெயர் வைத்தார்கள். அது அவருக்கும் தெரியும்.

கல்யாணம் கூடிவரவில்லை. அடுக்குமாடிக் குடியிருப்பின் தரைத்தளத்தில், தன்னைப் போலவே தனியாகிப்போன அக்காவோடு வாசம். அக்காவுக்கு வாய் ஒரு முழ நீளம். வீட்டில் மூன்றாவது ஆள் பூசணி என்ற நாய். பழுத்த பூசணிக்காயின் நிறம், ஏறக்குறைய அதே சுற்றளவு. பணிமனையில் பழைய டயர்களுக்கு நடுவே குட்டியாய்க் கத்திக்கொண்டிருந்ததைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு வந்தவர் அவர்தான். “சீட்டில்லாம வந்து இவன்கிட்ட தப்பிச்ச ஒரே ஆளு இவதான்” என்பாள் அக்கா.

நாள் முழுக்க ஊரே முகத்தைத் திருப்பிக்கொள்ளும். மாலையில் தெருமுனை திரும்பும்போதே உள்ளே பூசணிக்கு அவருடைய பூட்ஸ் சத்தம் கேட்டுவிடும். கதவு திறந்ததுதான் தாமதம், நான்கு காலும் தரையில் இருக்காது. மார்பில் மோதும், கண்ணாடியைத் தட்டிவிடும், சுழலும், ஊளையிடும், மறுபடி மோதும். கடல் கடந்து போய்ப் பல வருஷம் கழித்துத் திரும்பியவருக்குக்கூட அப்படி ஒரு வரவேற்பு கிடைத்திருக்காது. அந்த நேரத்தில் விளக்கெண்ணெய் வழிந்தோடிப்போய் ஒரு சின்னப் பையன் நின்றுகொண்டிருப்பான். அந்தக் கொஞ்ச நேரத்துக்காகத்தான் மனுஷன் மற்ற நேரமெல்லாம் உயிரோடிருந்தார் என்றால், இந்தக் கதையில் அது மட்டும் மிகையில்லை.

அப்படிக் குதித்த ஒரு மாலையில்தான் பூசணியின் இடது பின்னங்கால் முழங்காலில் ஜவ்வு கிழிந்தது. வயதும் ஆகிவிட்டது, கனமும் ஏறிவிட்டது, நைந்துகொண்டே வந்த ஜவ்வு அன்றைக்கு விட்டுவிட்டது என்றார் நாய் மருத்துவர். எலும்பை அறுத்து, தகடு வைத்து, திருகாணி போட்டு அனுப்பும்போது அந்த அம்மாள் விரலை ஆட்டிச் சொன்னார்.

“எலும்பு கூடுற வரைக்கும் ஒரு குதி கூடாது சார். தகடு அசைஞ்சுதுன்னா, இந்த வயசுல இன்னொரு தடவை மயக்க மருந்து குடுக்க எனக்கே தைரியம் கிடையாது. நீங்க வீட்டுக்கு வந்ததும் சத்தம் போடாம கீழே உக்காந்துருங்க. அவளை மடியோட சேத்துப் பிடிச்சுத் தடவிக் குடுங்க. அது போதும்.”

வழுக்குகிற தரை முழுவதும் ரப்பர் விரிப்பு போட்டார்கள். பூசணி ஏறாதபடி சோபாவின் மேல் நாற்காலிகளைக் கவிழ்த்தார்கள். வயிற்றுக்கு அடியில் துண்டைக் கொடுத்துப் பின்பக்கத்தைத் தூக்கிப் பிடித்தபடி, அவரும் பூசணியும் ஒரே உடம்பாய் வெளியே போய்வந்தார்கள். அவர் ஐஸ் பொட்டலம் ஒத்துவார். காலை மெல்ல மடக்கி நீட்டுவார்.

“எனக்கு முட்டி வலின்னப்போ ஒரு தைலம் வாங்கிக் குடுத்தியாடா?”

“நீ என்னிக்குக்கா என்னைப் பாத்து வாலாட்டியிருக்கே?”

விடுப்பு முடிந்து அவர் வேலைக்குப் போய்த் திரும்பிய முதல் மாலை. சத்தமில்லாமல் நுழையவேண்டும் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தவர், உள்ளே முனகல் கேட்டதும் பழக்கத்தில் “என்னடி செல்லம்?” என்று கேட்டுவிட்டார். கட்டிலின் காலில் கட்டியிருந்த வாரை அறுத்துக்கொண்டு பூசணி பாய்ந்தது. பாதி வழியில் கால் மடங்கியது. அந்த அலறல் மேல்மாடி வரைக்கும் கேட்டது.

எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள். தகடு மயிரிழையில் தப்பியிருந்தது. வீட்டுக்குள் வந்ததும் சொன்னார்: “இனிமே நான் பாத்துக்கறேன்.”

அவருக்குத் தெரிந்த வழி ஒன்றே ஒன்றுதான். மறுநாள் மாலை அந்த முகத்தோடேயே வீட்டுக்குள் வந்தார். பூசணியின் தலைக்கு ஒரு சாண் மேலே காற்றைப் பார்த்தார். முனகியது, காதில் வாங்கவில்லை. வாலால் தரையைப் படபடவென்று அடித்தது, தாண்டிப் போனார். குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, குழாயைத் திறந்துவிட்டு, அதன் சத்தத்துக்குள் நின்றார். பூசணி களைத்து அடங்கிய பிறகுதான் வெளியே வந்து காலைப் பிடித்துவிட்டார்.

அக்கா மருத்துவர் சொன்னபடியே செய்தாள். கடைக்குப் போய் வந்ததும் பையோடு தரையில் சரிந்து உட்கார்ந்து, பூசணி எழுவதற்குள் அதை அள்ளி மடியில் வைத்துக்கொள்வாள்.

“நீயும் இப்படி உக்காரேண்டா. மடியில வெச்சுக்கன்னுதானே டாக்டரம்மா சொன்னாங்க.”

“உக்காந்தா சிரிச்சுடுவேன்கா. நான் சிரிச்சா அவ குதிப்பா.”

பூசணி கெட்டிக்கார நாய். முதலில் முனகலை விட்டது. பிறகு வால் மட்டும் அடித்தது. பிறகு அதுவும் இல்லை, காதுகள் மட்டும் நிமிர்ந்தன. அப்புறம் கண் மட்டும் கதவிலிருந்து குளியலறை வரைக்கும் அவரைத் தொடர்ந்தது. ஒரு மாலை அவர் உள்ளே வந்தபோது பூசணி முன்னங்காலை நக்கிக்கொண்டிருந்தது, நிறுத்தவில்லை.

“பாத்தியாக்கா? அசையவே இல்லை!” அவருக்குப் பெருமை பிடிபடவில்லை.

“பாத்தேன்” என்றாள் அக்கா. அவளுடைய நீள வாயிலிருந்து அன்றைக்கு வந்தது அவ்வளவுதான்.

எலும்பு கூடியது. மருத்துவர் காலை மடக்கினார், நீட்டினார், நடக்கவிட்டுப் பார்த்தார். “பிரமாதம் சார். இனிமே ஓடட்டும், குதிக்கட்டும், உங்க பாடு அவ பாடு.”

மறுநாள் மாலை அவர் பூட்ஸைத் தேய்த்துத் தேய்த்து நடந்தார், தெருவுக்கே கேட்கும்படி. கதவைத் திறந்து, “பூசணீ!” என்று கூவி, இரண்டு கையையும் விரித்தார். பூசணி தலையைத் தூக்கிப் பார்த்தது. மோவாயைத் திரும்ப விரிப்பின் மேல் வைத்துக்கொண்டது.

அவர் மண்டிபோட்டு உட்கார்ந்தார். “நான்தான்டி.” பூசணி அவர் கையை ஒரு தடவை நக்கியது, வந்த விருந்தாளிக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுப்பதுபோல.

“காது போயிடுச்சோ என்னமோ” என்றார்.

அக்கா சமையலறையில் பிஸ்கட் டப்பாவை லேசாக அசைத்தாள். பூசணி எழுந்து ஓடியது.

அதன்பின் அவர் செய்யாத கோமாளித்தனம் இல்லை. சட்டைப்பையில் பிஸ்கட் வைத்துக்கொண்டு வந்தார்; பூசணி பிஸ்கட்டுக்கு வந்தது, தின்றுவிட்டுப் போனது. ஞாயிற்றுக்கிழமையெல்லாம் வெளியே போவதும் உள்ளே வருவதுமாக இருந்தார். பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப்பார்த்து, “சாவியை எங்கயாவது போட்டுட்டீங்களா சார்?” என்று கேட்டார். கோபம் என்றால் சமாதானம் செய்யலாம். பூசணிக்கு அவர்மேல் கோபமே இல்லை. அவர் கையால் சாப்பிட்டது, அவர் காலடியில் தூங்கியது. அவர் வருவது மட்டும் அதற்கு ஒரு விஷயமாக இல்லாமல் போயிருந்தது. ஜன்னலில் வெளிச்சம் மாறுவதுபோல, பேருந்தில் யாரோ ஏறுவதுபோல.

ஒரு மாலை அவர் வாசல் கம்பிக் கதவைத் திறந்ததும் உள்ளே நகங்கள் தரையைப் பிறாண்டும் சத்தம் கேட்டது. பையைக் கீழே போட்டார், குனிந்தார், கைகளை விரித்தார். திறந்திருந்த வீட்டுக் கதவிலிருந்து அம்புபோல வந்த பூசணி அவர் முழங்காலை உரசிக்கொண்டு தாண்டிப் போனது. பின்னால் தெருவில் அக்கா காய்கறிப் பையோடு வந்துகொண்டிருந்தாள். பூசணி அவள் தோள்மட்டம் எகிறியது, ஊளையிட்டது, சுழன்றது, மறுபடி எகிறியது.

“சீ, எறங்குடி! எறங்கு! அங்க பாரு, அங்க யாரு நிக்கிறான்னு பாரு!” அக்கா அதன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து அவர் பக்கம் திருப்பினாள். பூசணி அந்தக் கையை நக்கியது.

விரித்த கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் அவர் கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டார். பார்வை இடது பின்னங்காலில் இருந்தது. தரையை உந்தியது, மேலே போனது, வந்து இறங்கியது. ஒரு தடவைகூடத் தடுமாறவில்லை.

“கால் நல்லா ஊனுதுக்கா” என்றார். “பாத்தியா?”

அவர்கள் இருவரும் உள்ளே போகும்வரை கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றார்.