அம்மன் படத்துக்குப் பின்னால் இருந்த போன்

மீஞ்சூர் பக்கம் ஒரு கம்பெனியில் ஸ்டோர் பார்க்கிறேன். வீடு லைட்ஹவுஸ் குப்பத்தில். பத்தாவதோடு படிப்பை விட்டவன். கம்பெனி லேப்டாப் கொடுத்த அன்று பொட்டு வைத்துத்தான் திறந்தேன். புதுப் படகுக்குப் பொட்டு வைக்கிற வீட்டில் பிறந்தவனுக்கு வேறெப்படித் தோன்றும்? மேஜைக்கு மேலே பலகை அடித்து அம்மன் படம் வைத்தேன். அதற்குப் பின்னால் என் பழைய போன், சார்ஜரிலேயே கிடந்து நாள் முழுக்கப் பாட்டு பாடும்.

லேப்டாப்புக்கும் கம்பெனி வைஃபைக்கும் என் பெயரில் ஒரே பாஸ்வேர்டு. போன ஆடியில் அதை மாற்றச் சொன்னார்கள். படத்து ஆத்தா பெயரோடு நாலு எண் சேர்த்து மாற்றினேன். மறந்துவிடாமல் சீட்டில் எழுதிக் காலண்டருக்குப் பின்னால் செருகினேன். மறுநாள் என் கணக்கு பூட்டிக்கொண்டது, வைஃபை என்னை உள்ளே விடவில்லை. கம்ப்யூட்டர் செக்‌ஷன் அம்மா போனிலேயே பூட்டைத் திறந்துவிடுவார். அரைமணி நேரத்தில் மறுபடி பூட்டிக்கொள்ளும். பில் போட முடியாமல் லாரிகள் கேட்டில் நின்றன.

"சார், யாரோ உங்க பேர்ல தப்பு பாஸ்வேர்டு போட்டுகிட்டே இருக்காங்க" என்றார்.

யாரோ என்றதும் என் புத்தி கூட்டித் துடைக்கிற பெண்ணிடம் போனது. பக்கத்துக் குப்பத்துக்காரி. தினமும் ஒரே பஸ்ஸில் வருகிறவள். காலண்டரைத் துடைக்கும்போது சீட்டைப் பார்த்துவிட்டு, "இன்னாணா, ஆத்தா பேர இங்க ஒளிச்சி வெச்சிகிற?" என்று சிரித்திருந்தாள்.

"உன் போனுக்கு வைஃபை போட்டியா?"

"எனுக்கு எதுக்குணா அது? பட்டன் போன்தான்."

நான் நம்பவில்லை. ஸ்டோர் ஆட்கள் எல்லாரும் பார்க்க, எங்கள் பக்கத்து வழக்கப்படி, படத்துக்கு முன் கற்பூரம் ஏற்றி, அணைத்துச் சத்தியம் பண்ணச் சொன்னேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். "சாமி பாக்கட்டும்ணா" என்று உள்ளங்கையால் அணைத்தாள். வாசலில் நின்ற சூப்பர்வைசர் விஷயத்தைக் கேட்டார். "விசாரிச்சு முடியற வரைக்கும் நீ வரவேணாம்மா" என்றார். அவள் சம்பளத்தில்தான் வீடு ஓடுகிறது என்பது எனக்குத் தெரியும். வாயைத் திறக்கவில்லை. திறக்காத சாப்பாட்டு டப்பாவோடு அவள் போனாள்.

அவள் போன பிறகும் பூட்டு விழுந்தது.

"ஒரு பழைய போன் காட்டுது சார். உங்க ஸ்டோர்லதான் இருக்கு. சேமிச்சு வெச்ச பழைய பாஸ்வேர்டை அதுவா திரும்பத் திரும்ப அனுப்புது" என்றார் அந்த அம்மா.

"என் கையில இருக்கற போன்ல புது பாஸ்வேர்டுதாம்மா போட்டேன்."

சொல்லி முடிக்கும்போது தலைக்கு மேலே பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. எப்போதோ பாட்டு இறக்குவதற்காக அந்தப் போனை என் பெயரில் வைஃபையில் சேர்த்திருந்தேன். மறந்தே போயிருந்தேன்.

போனை அணைத்தேன். அந்த அம்மா பூட்டைத் திறந்ததும் லேப்டாப் உள்ளே போனது, பிறகு பூட்டவில்லை. "சரியாயிடுச்சும்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனைச் சாப்பாட்டுப் பைக்குள் ஒளித்தேன். சூப்பர்வைசர் இரண்டு முறை அந்தப் பக்கம் வந்தார். அப்போதும் சொல்லவில்லை. அதை எழுதவே இப்போதும் கூசுகிறது.

சாயங்காலம் வீட்டில் விளக்கேற்றினோம். கற்பூரத் தட்டை எடுக்கக் கை வரவில்லை. என் மனைவி துருவித் துருவிக் கேட்டு விஷயத்தை வாங்கிவிட்டாள்.

"ஆத்தாகிட்ட அப்பால பேசிக்கலாம். மொதல்ல அந்தப் பொம்பளகிட்ட போ."

விடிந்ததும் போனேன். அவள் மணலில் கருவாடு பரப்பிக்கொண்டிருந்தாள். சொன்னேன். கேட்டுக்கொண்டே மீனைத் திருப்பிப் போட்டாள். உள்ளங்கை நடுவில் சிவந்து தோல் உரிந்திருந்தது.

"என்கிட்ட தனியா சொல்லி இன்னாணா பிரயோஜனம்? எல்லார் முன்னாடியும்தான கேட்ட."

அன்றைக்கே சூப்பர்வைசரிடம், ஸ்டோர் ஆட்கள் அத்தனை பேர் காதிலும் விழும்படி நடந்ததைச் சொன்னேன். மறுநாள் அவள் வேலைக்கு வந்துவிட்டாள். மேஜையைத் துடைத்தாள், காலண்டரைத் துடைத்தாள். பலகைக்குக் கீழே வந்ததும் துணியை என் முன்னால் வைத்தாள்.

"சாமி எடத்த நீயே தொடச்சிக்கணா."

இன்றுவரை நான்தான் துடைக்கிறேன்.