கண்ணாடி முகம்

மலாக்கா கடைத்தெருவில் பழைய நாணயம் விற்ற அந்த முதலாளியை எனக்குப் பிடிக்காது. அவருக்கும் என்னைப் பிடிக்காது. ஆனால் அவருக்கு ஆங்கிலம் வாசிக்க வராது, எனக்கு வரும். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் முடித்தவள் நான் என்பது நாங்கள் குடியிருந்த காஜா பெராங்கில் எல்லாருக்கும் தெரியும். தெரியாதவர்களுக்கு நானே சொல்லியிருக்கிறேன். அந்த ஆங்கிலத்துக்காகத்தான் என்னைத் தட்டச்சு இயந்திரத்தின் முன்னால் உட்கார வைத்திருந்தார்.

நல்ல நாணயத்துக்கு அதன் தரத்தை என்னை அடிக்கச் சொல்லி அவர் ஓர் அட்டை கொடுப்பார். சிங்கப்பூரிலும் பினாங்கிலும் நாணயம் சேர்ப்பவர்கள் அந்த அட்டையை நம்பினார்கள். அதில் 'கண்ணாடி முகம்' என்று இருந்தால் விலையே வேறு. நாணயம் அடிக்கும் அச்சு புதிதாக, மெருகு தேயாமல் இருக்கும்போது விழுகிற நாணயங்கள் சில கண்ணாடி போலவே இருக்கும். சோதிக்கும் விதம் எளிது. செய்தித்தாளின் மேல் நாணயத்தை நிமிர்த்திப் பிடித்து மெல்லப் பின்னுக்கு இழுக்க வேண்டும். நான்கு விரல் தள்ளிய பிறகும் எழுத்து அதில் பிசிறில்லாமல் தெரிந்தால் கண்ணாடி; கலங்கினால் வெறும் பளபளப்பு. இரண்டு முகமும் தேற வேண்டும்.

அப்புறம் பூதக்கண்ணாடி. அச்சை மெருகேற்றியதால் வந்த கோடு நாணயத்தில் மேடாக விழும். எழுத்தின் ஓரம் வந்ததும் நின்றுவிடும். துணி பட்ட கோடு பள்ளம். அது நாணயத்தில் உள்ள ராஜாவின் மூக்கின் மேலேயே ஏறிப் போகும். இந்தக் கோட்டு விஷயத்தை ஓர் ஆங்கிலக் கையேட்டிலிருந்து அவருக்குப் படித்துச் சொன்னதே நான்தான். மறு வாரமே வருகிறவர்களிடம் தான் கண்டுபிடித்தது போலப் பேசினார்.

எங்கள் வீட்டில் சாமி படத்தின் முன்னால் ராஜா தலை போட்ட பழைய வெள்ளி நாணயம் ஒன்று இருந்தது. அம்மாவுக்குக் கல்யாணத்தில் வந்தது. நான் ஆசிரியர் பயிற்சிக்குப் போகத் துடித்துக்கொண்டிருந்தேன். வீட்டில் அதற்கு வசதியில்லை. அம்மாவே அதை எடுத்துக் கொடுத்தாள்.

"அட்டை கெடைச்சா வித்து உன் படிப்புக்கு வச்சிக்க. இல்லாட்டி திருப்பிக் கொண்டாந்துடு. சும்மா வெள்ளி வெலைக்குக் குடுத்துடாத."

முதலாளி எழுத்துப் பக்கத்தை முதலில் செய்தித்தாளுக்குக் காட்டினார். பொடி எழுத்துகூடத் தெரிந்தது. ராஜா பக்கம் திருப்பினார். குளிர்ந்த கண்ணாடியில் மூச்சு விட்டது போல இருந்தது. பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்துவிட்டுக் கடகடவென்று சிரித்தார்.

"எம்மா படிச்சவளே, உங்கம்மா ராஜாவுக்குப் பொட்டு வச்சிருக்காங்க லா!"

வைத்திருந்தாள்தான். வெள்ளிக்கிழமைதோறும் ராஜா நெற்றியில் குங்குமம். அடுத்த வெள்ளிக்கிழமை அதை முந்தானையால் துடைத்துவிட்டுப் புதுக் குங்குமம். ராஜா எப்போதும் மேலே பார்த்துக் கிடந்ததால் எழுத்துப் பக்கம் தப்பித்திருந்தது.

"ஒரு பக்கம் நல்லாத்தானே இருக்கு, முதலாளி?"

"ரெண்டு மொகமும் இருந்தாத்தான் அட்டை. எங்கிட்ட வேலை செய்றவளுக்கு ஒரு சட்டம், ஊருக்கு ஒரு சட்டமா?"

சட்டம் சரி. நாணயத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். அதைச் சொல்லும்போது அவருக்கு இருந்த சந்தோஷத்தைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

நாடு சுதந்திரம் பெறப்போகும் மாதங்கள் அவை. தோட்டத்துத் துரைமார் சிலர் ஊருக்குப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவர் கடைக்கு வந்து அதே வகை வெள்ளியை மேசையில் வைத்தார். எழுத்துப் பக்கம் கண்ணாடி. ராஜா பக்கத்தை யாரோ நன்றாகத் துடைத்து வைத்திருந்தார்கள். கோடு மூக்கைத் தாண்டிக் காதுவரை போயிருந்தது. முதலாளி செய்தித்தாளைத் தொடவே இல்லை. துண்டால் நாற்காலியைத் தட்டிப் போட்டு, "பாகுஸ், துவான், பாகுஸ்" என்று மலாயில் புகழ்ந்தார். என் பக்கம் திரும்பினார்.

"கண்ணாடி மொகம்னு அடி."

"ராஜா பக்கம் தொடச்சிருக்கு, முதலாளி."

"உன்னையக் கேட்டேனா?"

"ரெண்டு மொகமும் இருந்தாத்தான்னு நீங்கதானே சொன்னீங்க?"

"துரை வீட்டுல இன்னும் ஒரு பெட்டி காசு இருக்கு. எல்லாம் நம்மகிட்டதான் வரப்போவுது. பேசாம அடி."

அடித்தேன். எழுத்துப் பக்கம் கண்ணாடி, ராஜா பக்கம் துடைக்கப்பட்டது என்று சுத்தமான ஆங்கிலத்தில் அடித்து, முதலாளியிடம் கொடுக்காமல் துரையின் கையிலேயே கொடுத்தேன். படித்ததும் அவர் முகம் சிவந்தது.

"யார் இந்தப் பெண்?" என்றார் ஆங்கிலத்தில்.

"இந்தக் கடையில் இதை வாசிக்கத் தெரிந்தவள்" என்றேன் அதே ஆங்கிலத்தில்.

அவர் நாணயத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வெளியேறினார். முதலாளி கார் போகும்வரை பொறுத்திருந்தார்.

"ரெண்டு எழுத்து படிச்சிட்டா தலையில கொம்பு மொளச்சிடுமா? நாளையிலேருந்து இந்தப் பக்கம் வராத!"

"இன்னைக்கே போறேன். இனிமே அந்தப் புஸ்தகத்த துரையவே வந்து படிச்சுக் காட்டச் சொல்லுங்க."

அந்த வருடம் நான் பயிற்சிக்குப் போகவில்லை. வேலையும் இல்லை. அடுத்த வெள்ளிக்கிழமை அம்மா குங்குமத்தைத் தொட்ட விரலோடு நாணயத்தைப் புரட்டினாள்.

"அதான் அட்டை இல்லன்னு ஆயிடுச்சே. இனிமே எந்தப் பக்கம் வச்சா என்ன?"

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "கெட்ட பக்கத்துலயே வைம்மா."

"ஏன்? இன்னொரு கடைக்குக் கொண்டு போகப் போறியா?"

"எந்தக் கடைக்கும் இல்ல. எழுத்துப் பக்கம் நல்லாருக்குன்னு எனக்குத் தெரியும். அது போதும்."

"வேலைய விட்டாலும் வீம்ப விட மாட்டா" என்று முணுமுணுத்துக்கொண்டே ராஜாவை மேலே பார்க்க வைத்தாள் அம்மா. வழக்கத்தைவிடப் பெரிய பொட்டாக வைத்தாள்.