கல்லங்குறிச்சிக்கு எப்படிப் போகணும்?

எங்கள் அண்ணி தேவயானிக்கு யாரிடமும் எதையும் கேட்பதில் கூச்சமே கிடையாது. பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிற ஆள் இறங்குவதற்குள் அவர் மகளை எங்கேயிருந்து பெண் பார்க்க வருகிறார்கள் என்பது வரைக்கும் கேட்டுத் தெரிந்துகொள்வார். நான் நாத்தனார், குறை கண்டுபிடிப்பது என் வேலை. இதை வைத்துத்தான் அவரை ரொம்ப நாள் வம்புக்கு இழுத்துக்கொண்டிருந்தேன்.

2006இல் என் அண்ணன் இளையபெருமாள் அரியலூர் ஸ்டேஷன் வாசலில் ஒரு சுமோவை வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தான். ஓட்டினான் என்று சொல்வது ஒரு மரியாதைக்கு. முக்கால்வாசி நேரம் வண்டி நிற்கும், அவன் அதற்குள் தூங்குவான். சிமெண்ட் ஆலைக்கு வருகிறவர்களை ஆலைக் காரே வந்து கூட்டிப்போய்விடும். மற்றவர்களுக்கு டவுன் பஸ் இருந்தது. கடைசியில் துபாயில் டிரைவர் வேலைக்கென்று ஒரு ஏஜெண்டிடம் பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டு வந்தான். மாசியில் கிளம்ப வேண்டும், மூன்று வருஷ ஒப்பந்தம். கல்யாணமாகி இரண்டு வருஷம்கூட ஆகவில்லை.

"போகாதீங்கன்னு நான் கெஞ்ச மாட்டேன். இங்கயே சவாரி கிடைச்சா இருப்பீங்கல்ல?" என்று அண்ணி கேட்டார்.

"கிடைச்சா இருக்கேன்" என்றான், எங்கே கிடைக்கப்போகிறது என்கிற தைரியத்தில்.

பெரம்பலூரில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்த மகேஷ் எங்களுக்குத் தூரத்துச் சொந்தம். அண்ணி அவனைப் பிடித்து வண்டிக்கு ஒரு வெப்சைட் போடவைத்தார். திறந்ததும் பெருமாள் படம், சுற்றிலும் மின்னி மின்னி அணைகிற மாலை, நடுவில் கறுப்புக் கண்ணாடியோடு என் அண்ணன். கீழே 'நல்லாசியுடன்' என்று எங்கள் அப்பா அய்யாக்கண்ணு பெயரும் தாய்மாமன்கள் பெயர்களும். கல்யாணப் பத்திரிகையில் முகூர்த்த நேரம் மட்டும்தான் பாக்கி. அதைப் பார்த்தவர்கள் நாங்களும் மகேஷும்தான். ஒரு சவாரி வரவில்லை.

"ஜனங்க கூகுள்ல என்ன போட்டுத் தேடுறாங்களோ அது நம்ம பக்கத்துல இருக்கணும்க்கா. அதைத்தான் கீவேர்டுன்னு சொல்றது" என்றான் மகேஷ்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டில் ஆளாளுக்குக் கீவேர்டு பரிமாறினோம். அப்பா 'நாணயமான டிரைவர்' என்றார். நான் 'பக்தி மணம் கமழும் பயணம்' என்றேன், அதற்கு இன்றைக்கும் நான் வெட்கப்படவில்லை. அண்ணன் தன் பெயரையே சொன்னான்.

"உங்க பேரு தெரிஞ்சவங்க நேரா போன் பண்ணுவாங்க. தெரியாதவங்க அதை எப்படித் தேடுவாங்க?" என்றார் அண்ணி. "எல்லாரும் நம்மளப் பத்தியே சொல்றீங்க. தேடப்போறது அவங்கல்ல?"

"அப்ப 'தமிழ்நாடு டிராவல்ஸ்'னு போடு. ஆயிரக்கணக்குல தேடுவாங்க" என்று அண்ணன் முறுக்கினான்.

மறுநாள் அண்ணி மகேஷ் கடையில் அதையே தேடிப் பார்த்தார். நூறு கார், இருநூறு கார் வைத்திருக்கிற கம்பெனிகளாகப் பக்கம் பக்கமாக வந்தன. "இந்தத் தேர்க் கூட்டத்துல நம்ம சுமோவ எவன் திரும்பிப் பாப்பான்?" என்று எழுந்து வந்துவிட்டார்.

புரட்டாசி சனிக்கிழமை. என்னையும் பக்கத்திலிருக்கிற கல்லங்குறிச்சிப் பெருமாள் கோயிலுக்குக் கூட்டிப்போனார். சாமி கும்பிடத்தான் என்று நம்பிப் போனேன். ஒரே ஒரு சுற்று சுற்றிவிட்டு, வெளியூர் நம்பர் வண்டிகள் நிற்கிற இடத்துக்கு நடந்தார்.

"எங்கேருந்துங்க வரீங்க? வூட்டுலேருந்து கிளம்புறதுக்கு முன்னாடி எது தெரியாம முழிச்சீங்க?"

எனக்கு மானம் போயிற்று. ஆனால் பட்ட சிரமத்தைச் சொல்லச் சொன்னால் நம் ஜனங்கள் நிறுத்துவார்களா? எந்த ரயில் அரியலூரில் நிற்கும், ஸ்டேஷனிலிருந்து எப்படிப் போகணும், நடை எப்போது சாத்துவார்கள், குழந்தைக்கு முடி இறக்கினால் குளிக்க வசதி உண்டா, நடக்க முடியாத அம்மாவைச் சன்னதி வரைக்கும் கொண்டுபோக முடியுமா என்று கொட்டித் தீர்த்தார்கள். 'டிராவல்ஸ்' என்கிற வார்த்தை ஒருத்தர் வாயிலும் வரவில்லை.

எதை எத்தனை பேர் தேடுகிறார்கள் என்று காட்டுகிற ஒரு வெப்சைட்டில் மகேஷ் அந்தக் கேள்விகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தான். தேடுகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான்.

"கொஞ்சப் பேருதான். ஆனா அவங்களுக்குப் பதில் சொல்லவும் ஆள் இல்லையே. நாம சொல்லுவோம்" என்றார் அண்ணி.

மாலையும் கறுப்புக் கண்ணாடியும் போயின. அப்பா பெயரும் போனது, அவர் இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை. ஒரு கேள்விக்கு ஒரு பக்கம், ஜனங்கள் கேட்ட மாதிரியே தலைப்பு. அண்ணி தமிழில் சொல்லச் சொல்ல மகேஷ் இங்கிலீஷில் அடித்தான். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் வீட்டு போன் நம்பர்.

ஐப்பசி போனது, கார்த்திகை போனது. போன் ஊமையாகக் கிடந்தது. மார்கழியில் பெங்களூரிலிருந்து ஒரு குடும்பம் கூப்பிட்டது, அடுத்து பூனாவிலிருந்து ஒன்று. "குருட்டு அதிர்ஷ்டம்" என்றான் அண்ணன். தையில் விசா வந்துவிட்டது.

அவன் புதுப் பெட்டி வாங்கி வந்த அன்று நானும் அங்கே இருந்தேன். அண்ணி அவன் சட்டைகளை ஒவ்வொன்றாக மடித்து வைத்துக்கொண்டிருந்தார். எனக்கு அண்ணன்மேல் வந்த கோபத்தில் பெட்டியைத் தூக்கித் தெருவில் வீசலாம் போலிருந்தது.

போன் அடித்தது. அண்ணி எடுத்தார். பம்பாயிலிருந்து ஒரு அம்மா. கோயில் பக்கத்தை முழுக்கப் படித்தாராம். பங்குனியில் ராமநவமித் திருவிழாவுக்கு மூன்று குடும்பமாக வருகிறார்களாம், நாலு நாளும் வண்டி கூடவே இருக்கணுமாம். வயசான மாமியாரைத் தூக்கி இறக்கணும் என்பதால் நம்பிக்கையான ஒரே டிரைவர் வேணுமாம்.

அண்ணி ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு அண்ணனைப் பார்த்தார்.

"பங்குனியில வண்டி ஓட்டப்போறது யாருன்னு கேக்குறாங்க. என்ன சொல்லட்டும்?"

அண்ணன் பெட்டியைப் பார்த்தான். மடித்து வைத்த சட்டைகளைப் பார்த்தான். பிறகு அண்ணியைப் பார்த்தான், நேராக.

"வேற யாரு? நான்தான்னு சொல்லு."

அண்ணி ரிசீவரைக் காதில் வைத்தார். கண்ணில் தண்ணீர் கொட்டியது. எனக்கும்தான். நான்தான் ரிசீவரைப் பிடுங்கி, "எங்க அண்ணன்தாங்க ஓட்டுவாரு. ஊர்லதான் இருக்காரு, வாங்க!" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினேன்.